இருபத்தோராவது எலெக்ட்ரான்

வாரெண்டோர்ஃப், ஜனவரி 14

அன்புள்ள யூடித்துக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் குளிருக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறது. அதை நான் பொருட்படுத்துவதில்லை. உன் தொண்டை வலி தீர்ந்ததா? உன் அம்மாவுக்கும் ஜனவரியில் தொண்டைதான் முதலில் போகும்.

நீ அனுப்பிய கையுறை சரியான அளவு. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். தொலைபேசி மருத்துவருக்கும் தீயணைப்புக்கும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பத்திரிகையில் உன் படம் வந்திருக்கிறது. தலைப்பு: ‘அணுவின் ஆடை உரிந்தது’. அதை எழுதியவருக்கு வீட்டில் வளர்ப்பு சரியில்லை. சனிக்கிழமை ரொட்டிக் கடையில் ஹெட்விக் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்:

“வால்புர்கா, உன் தங்கச்சி மக ஏதோ அணுவோட துணிய உருவிட்டாளாமே!”

“எலெக்ட்ரான்” என்றேன்.

“எதுவோ ஒண்ணு. உருவி என்ன பண்ணப்போறாளாம்?”

ஹெட்விக் என்னோடு கன்னிமாடப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவள். அவள் மகன் இதய அறுவை மருத்துவர். அவன் அறுத்து என்ன செய்யப்போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லாதது.

ஆகவே எழுது. நீ செய்தது என்ன? வெங்காயம், முட்டைக்கோஸ் போன்ற உவமைகள் வேண்டாம். முப்பத்தொரு ஆண்டு ரயில் கால அட்டவணைக்குப் பிழை திருத்தியவள் நான். எண்கள் என்னைப் பயமுறுத்துவதில்லை. உன் வேலை நிரந்தரமாகுமா என்பதையும் எழுது.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் பெரியம்மா,
வால்புர்கா


ஹாம்பர்க், ஜனவரி 26

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. முழங்காலைத் தயவுசெய்து பொருட்படுத்துங்கள். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறீர்களா?

உவமை இல்லாமல் முயல்கிறேன்.

தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு சுரங்கம். எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விரட்டி, காந்த வரிசைகளுக்கு நடுவே நெளிந்து ஓடவைக்கிறோம். அப்போது எக்ஸ்ரே லேசர் துடிப்புகள் கிடைக்கின்றன. ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி கோடியாகப் பிரியுங்கள். ஒரு துடிப்பின் ஆயுள் அப்படி இரண்டு மூன்று துண்டுகள். அந்த ஒளி முழுவதும் தலைமுடியின் அகலத்தில் நூறில் ஒரு பங்கான புள்ளியில் விழுகிறது. அந்தப் புள்ளியில் கிரிப்டான் வாயுவைக் கசியவிடுகிறோம்.

கிரிப்டான் அணுவில் முப்பத்தாறு எலெக்ட்ரான்கள். சாதாரண ஒளி வெளி விளிம்பில் இருப்பதைத்தான் தொடும். எக்ஸ்ரே நேராக உள்ளே போய், கருவுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒன்றைப் பிடுங்குகிறது. உள்ளே ஓர் இடம் காலி. மேலிருந்து ஒன்று அதில் விழுகிறது. விழும்போது மிஞ்சும் ஆற்றல் இன்னொன்றை வெளியே தள்ளுகிறது. ஒரு அடிக்கு இரண்டு நஷ்டம். அணு தன்னைச் சரிசெய்துகொள்வதற்குள் அதே துடிப்பில் அடுத்த அடி விழுகிறது.

ஒவ்வொன்றாகப் போகப் போக, மிச்சம் இருப்பவற்றைக் கரு இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஓர் எல்லைக்கு மேல் எங்கள் ஒளியால் பிடுங்க முடியாது. கோட்பாட்டுக் கணக்கு அந்த எல்லையைப் பதினேழு என்றது. எங்கள் கருவி இருபத்தொன்று காட்டியது. அந்த நான்கு கூடுதல் எலெக்ட்ரான்கள்தான் எங்கள் கட்டுரை.

எப்படி எண்ணினோம்? அடிபட்ட அணுக்களை மின்புலத்தால் ஒரு குழாய் வழியே இழுத்து, மறுமுனையில் எப்போது வந்து சேர்கின்றன என்று பார்க்கிறோம். அதிகம் இழந்தவை சீக்கிரம் வரும். எடை கூடியவை தாமதமாக வரும். கிரிப்டானில் எடை வேறுபட்ட ஐசோடோப்புகள் உண்டு. கண்ணில் படும் அளவுக்கு நான்கு, 82, 83, 84, 86. இவற்றில் 84தான் பெரும்பான்மை. கட்டுரையில் உள்ள வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

ஹெட்விக் அம்மாவுக்கு: மருந்து தயாரிப்பதற்காகப் புரதங்களை இதே ஒளியில் படம் எடுக்கிறார்கள். படம் எடுக்கும் ஒளியே அவற்றைச் சிதைக்கிறது. எவ்வளவு விரைவில் சிதைகிறது என்று தெரிந்தால்தான் படத்தை நம்ப முடியும்.

வேலை பற்றி: தற்காலிக ஒப்பந்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் சட்டம் விடாது. என்னுடைய பன்னிரண்டும் இந்த டிசம்பரில் முடிகிறது. நிரந்தரப் பதவி ஒன்று இருக்கிறது, ஜூலையில் நேர்காணல். கிரிப்டான் கட்டுரை இல்லாமல் என்னை அழைக்கவே மாட்டார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது.

முழங்காலைப் பற்றி உண்மையை எழுதுங்கள்.

அன்புடன்,
யூடித்


வாரெண்டோர்ஃப், பிப்ரவரி 11

அன்புள்ள யூடித்துக்கு,

முழங்காலுக்கு மருத்துவர் ஒரு களிம்பு கொடுத்தார். வாசனை சகிக்கவில்லை. உனக்குத் தூக்கம் போதுமானதாக இருக்கிறதா? கையெழுத்து சாய்ந்திருக்கிறது.

உன் விளக்கம் நன்றாக இருந்தது. இவ்வளவு நாள் இதை எனக்கு எழுதாதது உன் தவறு.

பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாளன்று பழைய மாணவியர் மதிய உணவு. எங்கள் வகுப்பில் ஏழு பேர் மீதி. சூப் பரிமாறும்போதே ஹெட்விக் ஆரம்பித்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முப்பத்தாறு என்ன, பதினேழு என்ன, இருபத்தொன்று என்ன என்று வரிசையாகச் சொன்னேன். புரதத்தையும் சொன்னேன்.

“கணக்குப் போட்டவங்க பதினேழுன்னாங்க. இவ இருபத்தொண்ணுன்னு காட்டிட்டா. அவ்வளவுதான்” என்று முடித்தேன்.

வகுப்புத் தோழி ஓட்டிலி, “அப்போ புத்தகத்தையே மாத்தணுமா?” என்றாள்.

“மாத்தட்டும். மாத்துறதுக்குத்தானே புத்தகம்.”

“எங்க பையன் டீட்டரும் போன வருஷம் ஒருத்தர் இதயத்துல ஒரு புது வால்வு போட்டான்” என்றாள் ஹெட்விக். யாரும் அவளைத் தொடர்ந்து கேட்கவில்லை. சூப் அன்றைக்கு நன்றாக இருந்தது.

மறுவாரம் உன் வரைபடத்தை அளவுகோல் வைத்துப் படித்தேன். நீ இதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் இது ஒரு வருகை அட்டவணை. வேகமான வண்டிகள் இடப்பக்கம், மெதுவானவை வலப்பக்கம். முகடுகளை எண்ணிப் பார்த்தேன். கடைசி முகட்டைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. முக்கியமில்லை.

ஜூலை நேர்காணலுக்கு அந்தப் பச்சைக் கோட்டைப் போடாதே. நன்றாகச் சாப்பிடு.

உன் பெரியம்மா,
வால்புர்கா


ஹாம்பர்க், மார்ச் 8

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தூக்கம் பரவாயில்லை. களிம்பைத் தொடர்ந்து போடுங்கள். வாசனையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சகித்துக்கொள்ளட்டும்.

மூன்று கருத்தரங்குகளில் பேச அழைத்திருக்கிறார்கள். ஜப்பானில் இதே போன்ற லேசர் வைத்திருக்கும் ஒரு குழு கிரிப்டானை மறுபடி அளக்கப்போவதாக எழுதியிருக்கிறது. நல்ல குழு. வேறு ஒருவரும் அளந்து அதையே சொன்னால் பதவிக்கும் பலம்.

ஒரு கேள்வி இருந்ததாகவும் அது முக்கியமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முக்கியமில்லாத ஒன்றுக்கு நீங்கள் மை செலவழித்து நான் பார்த்ததில்லை. என்ன கேள்வி?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடித்


வாரெண்டோர்ஃப், ஏப்ரல் 2

அன்புள்ள யூடித்துக்கு,

குளிர் விட்டுவிட்டது. முழங்காலும் விட்டுக்கொடுத்திருக்கிறது. உனக்கு இந்த ஆண்டு மகரந்த ஒவ்வாமை தொடங்கிவிட்டதா?

ஈஸ்டருக்கு நீ வர முடியாது என்பது புரிகிறது. ஆட்டிறைச்சி வாங்கவில்லை, ஒருத்திக்கு ஆடு அதிகம். வெள்ளை அஸ்பாரகஸ் இந்த ஆண்டு இரண்டு வாரம் பிந்தும் என்கிறார்கள். ஹெட்விக்கின் டீட்டர் ஈஸ்டருக்கு வருகிறான். குடும்பத்தோடு. அவள் அதை மூன்று முறை சொன்னாள்.

பங்குத்தந்தை திருப்பலி முடிந்து என்னை நிறுத்தி உன்னைப் பற்றி விசாரித்தார். இருபத்தொன்று என்ற எண் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தக் கேள்வி எனக்கு மறந்துவிட்டது.

பதவி பற்றி ஏதும் தெரிந்தால் உடனே எழுது. மூக்கைத் தேய்க்காதே, சிவந்துவிடும்.

உன் பெரியம்மா,
வால்புர்கா


ஹாம்பர்க், ஜூன் 19

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பதினோரு வாரமாகிவிட்டது. மன்னிக்கவும். ஒவ்வாமை வந்து போயிற்று. நீங்கள் நலமா? அங்கே வெயில் முப்பத்து மூன்று என்று பார்த்தேன். மதியத்தில் ஜன்னல் மறைப்பை இறக்கிவிடுங்கள்.

ஜப்பான் குழு அளந்துவிட்டது. பதினேழு. பதினேழுக்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் குழுத் தலைவர் பேராசிரியர் க்ரோனே இதை லேசாக எடுத்துக்கொள்கிறார். “அவங்க துடிப்பு வேற, நம்ம துடிப்பு வேற. எதுக்குப் பதறுற? நேர்காணலுக்குத் தயார் பண்ணு” என்றார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். துடிப்பின் நீளம், ஒளியின் செறிவு எதுவும் ஒன்றாக இல்லை.

நான் தினமும் தரவுகளைத் திறந்து பார்க்கிறேன். அளவீடு நடக்கும் வெற்றிடக் கலத்தைக் கவனிக்கும் தொழில்நுட்பர் உவே நேற்று என் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு, வழக்கமான ஹாம்பர்க் வணக்கத்தோடு, “மொய்ன், டாக்டர். மூஞ்சியப் பாத்தா ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்த மாதிரி இருக்கு” என்றார்.

“கலத்துல கசிவு ஏதும் இருந்துச்சா உவே, அந்த வாரம்?”

“என் கலத்துலயா? ஒரு பொட்டு கிடையாது. நானே சோதிச்சேன். ரெண்டு தடவ.”

அதோடு போய்விட்டார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது நேர்காணலுக்கு.

நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

யூடித்


வாரெண்டோர்ஃப், ஜூன் 22

அன்புள்ள யூடித்துக்கு,

நலம். மறைப்பை இறக்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கேள்வி மறக்கவில்லை. அது இதுதான்.

உன் வரைபடத்தில் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு குடும்பம் வருகிறது. முதலில் சிறிய இருவர், பிறகு உயரமான 84, அதன் பின்னால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 86. பத்திலும் அப்படி, பதினைந்திலும் அப்படி, பதினேழிலும் அப்படி. இருபத்தொன்றில் மட்டும் ஒருவர் தனியாக வருகிறார். 86 வரவேண்டிய இடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அங்கே கோடு தட்டையாக இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது எல்லாம் எங்கே என்றும் தெரியவில்லை.

அட்டவணையில் இப்படி வந்தால் அதன் பொருள் ஒன்றுதான்: அந்த வண்டி இந்தப் பாதையைச் சேர்ந்தது அல்ல. வேறு எங்கிருந்தோ வந்து இதே நேரத்தில் நிலையத்தில் நுழைந்திருக்கிறது.

இதை நான் பிப்ரவரி 7ஆம் தேதி பார்த்தேன். இயற்பியல் தெரியாதவளுக்கு வந்த சந்தேகம் என்று நினைத்து எழுதவில்லை என்று சொல்லலாம். அது பொய். ஐந்து நாள் முன்னால் ஹெட்விக்கிடம் இருபத்தொன்று என்று சொல்லியிருந்தேன். அதனால் எழுதவில்லை. நீ மார்ச்சில் நேராகக் கேட்டாய். அப்போதும் எழுதவில்லை.

முப்பத்தொரு ஆண்டில் தெரிந்தே ஒரு பிழையை அச்சுக்கு அனுப்பியதில்லை.

நீ சாப்பிடுகிறாயா?

வால்புர்கா


வாரெண்டோர்ஃப், ஜூலை 30

அன்புள்ள யூடித்துக்கு,

ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. நேர்காணல் முடிந்திருக்கும். உடல்நலம் பற்றி மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். இதோடு அஞ்சலட்டை வைத்திருக்கிறேன், தபால்தலை ஒட்டி, என் முகவரியும் எழுதிவிட்டேன்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது.

வால்புர்கா


ஹாம்பர்க், ஆகஸ்ட் 12

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அஞ்சலட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. அதில் இடம் போதாது. உடல்நலம் சரியாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. மார்ச்சில் சொல்லியிருந்தால் ஜப்பான்காரர்கள் அளப்பதற்கு முன் நானே சொல்லியிருக்கலாம். இதைப் பத்து நாள் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நின்றுவிட்டது. காரணம், 86 இல்லை என்பதை நானும் பார்த்தேன். போன ஆண்டு அக்டோபரில், கட்டுரை எழுதும்போதே. முகடு சின்னது, 86 இரைச்சலில் மறைந்திருக்கும் என்று எழுதிக்கொண்டேன். இடையில் உள்ள மூன்றும் அப்படித்தான் மறைந்திருக்கும் என்றும் எழுதிக்கொண்டேன். க்ரோனே கேட்கவில்லை. இதழுக்காகப் பரிசீலித்தவர்களும் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் உவேயின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். அளவீடு நடந்த வாரத்தில் மூன்றாம் நாள் கலத்தின் ஒரு மூடியைக் கழற்றி மாட்டினோம். கசிவு இருக்கிறதா என்று தெரிய மூடியைச் சுற்றி ஹீலியம் அடித்துப் பார்ப்பது வழக்கம். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே போகும், கருவி கூவும். கூவவில்லை. ஆனால் ஹீலியம் கொஞ்சம் ரப்பர் வளையங்களில் புகுந்து உட்கார்ந்துகொண்டு மெதுவாக உள்ளே வந்துகொண்டிருக்கும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

ஹீலியத்தின் எடை நான்கு. ஒரு எலெக்ட்ரானை இழந்தால் நான்குக்கு ஒன்று. கிரிப்டான் 84, இருபத்தொன்றை இழந்தால், அதுவும் நான்குக்கு ஒன்று. குழாயின் மறுமுனைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரும். ஹீலியத்துக்கு 86 போல உடன்வரும் சகோதரர்கள் கிடையாது.

இதைத் தவிர்க்க, வாயுவைத் திறக்காமல் வெறும் கலத்தை முதலில் அளந்து, அதைக் கழிக்க வேண்டும். முதல் நாள் அளந்தோம். மூன்றாம் நாள் ஹீலியம் அடித்த பிறகு மறுபடி அளக்கவில்லை. லேசர் எங்களுக்குக் கிடைப்பது ஐந்து நாள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுகள். இரண்டு மணி நேரம் வீணாகும் என்றார்கள். ஷிஃப்ட் தலைவி நான். “பழைய அளவே போதும், ஆரம்பிக்கலாம்” என்று சொன்னது நான்.

உவேயிடம் இதைச் சொன்னேன். “ஹீலியம் அடிச்சது நான்தான், டாக்டர். ஆனா உடனே ஆரம்பிக்கச் சொன்னது நீங்க. ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கலாமா?” என்றார். முழுதும் என்னுடையது என்றேன். “சரி, அப்ப காபி நான் வாங்குறேன்” என்றார்.

ஜூலை 18 நேர்காணலுக்கு உங்கள் கடிதம் கைப்பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. செப்டம்பர் 15 ஒப்பந்தத்தில் கையெழுத்து.

செப்டம்பர் 5 முதல் எங்களுக்கு மறுபடி ஒளி கிடைக்கிறது, ஆர்கான் என்ற வேறொரு வாயுவை அளப்பதற்காக. அதில் இரண்டு மணி நேரம் எடுத்து, ஹீலியம் அடித்து, கிரிப்டான் இல்லாமல் அளந்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். க்ரோனேயிடம் சொன்னேன். “இப்ப வெறும் சந்தேகம்தானே. கையெழுத்து ஆகட்டும். அக்டோபர்ல சாவகாசமா அளந்து, நிதானமா ஒரு திருத்தம் போடலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொல்கிறார்.

உங்களிடம் ஆலோசனை கேட்டு இதை எழுதவில்லை.

யூடித்


வாரெண்டோர்ஃப், ஆகஸ்ட் 16

அன்புள்ள யூடித்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீ நலம் என்று எழுதியதைப் பாதி நம்புகிறேன்.

நீ கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. சொல்லும் தகுதியைப் பிப்ரவரியில் இழந்தேன். இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். திருப்பலிக்குப் பிறகு கோயில் வாசலில் நாங்கள் ஏழு பேரும் ஆசீர்வதித்த மூலிகைக் கட்டுகளோடு நின்றுகொண்டிருந்தோம். பங்குத்தந்தையும் இருந்தார்.

“ஹெட்விக், இருபத்தொண்ணு இல்ல. பதினேழு” என்றேன்.

“எது பதினேழு?”

“யூடித்தோட அணு. நாலு கூட எண்ணிட்டாங்க. படத்த எனக்கு அனுப்பியிருந்தா. நான் பிப்ரவரியிலேயே பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்தேன்.”

“ஏன் சும்மா இருந்த?”

“உங்கிட்ட ஏற்கெனவே பீத்திக்கிட்டதால.”

ஓட்டிலி தன் மூலிகைக் கட்டை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். ஹெட்விக் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடி போடி, பதினேழும் என்ன கொஞ்சமா?” என்றாள். அவள் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அறுபது ஆண்டில் அவள் என்னிடம் இரக்கம் காட்டியது அதுதான் முதல் தடவை. வீடு வரும்வரை பிடித்த கையை விடவில்லை.

அந்தப் பதவி வேண்டாம் என்று யாரும் உன்னிடம் சொல்ல முடியாது. பன்னிரண்டு ஆண்டு என்னவென்று எனக்குத் தெரியும். உனக்கு எது முடிகிறதோ அதைச் செய். எதுவானாலும் எனக்கு எழுது.

உன் பெரியம்மா,
வால்புர்கா


ஹாம்பர்க், செப்டம்பர் 18

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். இங்கே மழை. உங்கள் முழங்கால் அதை எனக்கு முன்பே சொல்லியிருக்கும்.

செப்டம்பர் 6 காலை ஷிஃப்டில் அளந்தோம். உவே அதே மூடியைக் கழற்றி மாட்டினார், அதே அளவு ஹீலியம் அடித்தார். கிரிப்டான் உருளை பூட்டியே இருந்தது. கலத்தில் ஒன்றும் இல்லை. ஒளியைத் திறந்தோம்.

“ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு மணி நேரம்” என்றார் உவே. “இந்த ஒளிக்கு ஊர்ல வரிசையில நிக்கிறாங்க.”

முதல் இருபது நிமிடம் திரையில் எதுவும் இல்லை. வராது என்று நான் நினைக்கத் தொடங்கியிருந்தேன். வரக்கூடாது என்று நினைத்தேன் என்பது சரியான வாக்கியம். பிறகு எழுந்தது.

“வந்துட்டான்” என்றார் உவே.

அதே இடம், அதே உயரம். பக்கத்தில் யாரும் இல்லை.

இரண்டு மணி நேரத்தையும் முடித்துவிட்டு க்ரோனேயிடம் போனேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். “அக்டோபர்னு சொன்னேன்ல” என்றார். அன்று மாலையே தேர்வுக் குழுவுக்கும் இதழுக்கும் எழுதினேன். 13ஆம் தேதி குழுவிலிருந்து பதில் வந்தது, மரியாதையான கடிதம். பதவி இரண்டாவது பெயருக்குப் போகிறது. ட்ரெஸ்டனிலிருந்து வருகிறார். அவர் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், நல்ல ஆய்வாளர்.

டிசம்பர் 31 சாவியைத் திருப்பித் தர வேண்டும். கீல் நகரில் வெற்றிடக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்று கசிவுச் சோதனைக்கு ஆள் தேடுகிறதாம். உவேதான் சொன்னார்: “அங்க ஹீலியம்தான் வேலையே, டாக்டர். உங்களுக்கு இப்ப அனுபவம் இருக்கு.” விண்ணப்பித்திருக்கிறேன்.

இதழில் வரப்போகும் திருத்தத்தின் வரைவை இணைத்திருக்கிறேன். அரைப் பக்கம்தான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு முன் நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

மழையில் வெளியே போகாதீர்கள்.

அன்புடன்,
யூடித்


வாரெண்டோர்ஃப், செப்டம்பர் 20

அன்புள்ள யூடித்துக்கு,

நான் நலம். மழை இங்கேயும்தான். மேல் அறையில் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறேன். அக்டோபரானாலும் ஜனவரியானாலும் அது அப்படியே இருக்கும். வரும்போது தலையணை கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது.

வரைவை மூன்று முறை படித்தேன், கடைசி முறை பின்னாலிருந்து முன்னால். அவசரத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு திருத்தங்கள்.

இரண்டாவது பத்தியில், ‘துரதிருஷ்டவசமாக, ஹீலியச் சோதனைக்குப் பின் வெறும் கலம் மறுபடி அளக்கப்படவில்லை’ என்று இருக்கிறது. முதல் சொல்லை எடுத்துவிட்டேன். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலை இல்லை. அளக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இறுதியில், தனி முகட்டைக் கவனித்ததற்காக எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிட்டேன். நேரத்தில் சொன்னவர்களுக்குத்தான் நன்றி.

மற்றபடி பிழை இல்லை.

உன் பெரியம்மா,
வால்புர்கா